சாரன் ரொட்டியும் ஒரு கைப்பிடிக் கற்கண்டும்

பிசைந்த மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்பை வைத்து அதனை எழும்பச் செய்பவனும், கரும்பின் சாற்றைக் கல்லாய் இறுகச் செய்து அக்கல்லுக்குள் இனிப்பைப் பூட்டி வைத்தவனும், பிழை செய்யும் கைக்கும் பிழை பொறுக்கும் நெஞ்சுக்கும் ஒருங்கே இரணமாகிய அன்றாட உணவை அளப்பவனுமாகிய ஏகனைப் போற்றி இதனைத் தொடங்குகிறேன். அவனுடைய இறுதித் தூதர்மீது, பாலையிற் பெய்த மழையெனக் குளிர்ந்த ஸலவாத்து என்னும் வாழ்த்து ஓயாது பொழிவதாக.

இன்று ரபீஉல் அவ்வல் மாதத்துப் பன்னிரண்டாம் பிறை. அதுவும் திங்கட்கிழமையில் வாய்த்திருக்கிறது. நபிகள் நாயகம் இவ்வுலகில் உதித்த பிறையும் கிழமையும் இப்படிக் கைகோத்து வரும் நாளில் ஒரு பலகாரத்தைப் பற்றி எழுத உட்காருவது அடக்கக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் என் வயதொத்த அன்பர்களே, கூப்பன் மாவில் வளர்ந்த என் தோழிகளே, இந்தப் பலகாரம் இதே மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. ஆகவே அதற்கும் இந்த நாளில் ஒரு பங்கு உண்டு.

சென்ற வாரம் கல்முனைப் பிரதான வீதியில் கண்ணாடி பதித்த ஒரு கடைக்கு என் மகள் என்னை அழைத்துப் போனாள். கட்டம் கட்டமாகக் குழி விழுந்த ஒரு ரொட்டியின்மேல் சொக்லட்டை ஊற்றிக் கொண்டுவந்து வைத்த கடைக்காரர், மிகுந்த கனிவோடு, “உம்மா, இது பெல்ஜியம் நாட்டுச் சாமான். வாஃபிள் எண்டு செல்லுற. நீங்க திண்டிரிக்க மாட்டீங்க,” என்றார்.

“மகன், உங்கட வாப்பா பொறக்க முதல் நான் இதத் திண்டிரிக்கன்,” என்றேன். “திண்டு வாய் கோணியும் இரிக்கன்.”

அவர் சிரித்தார். மகள் என் காலை மிதித்தாள். அவளுக்கும் இந்தக் கதை தெரியாது. ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மருதமுனையில். கடலின் இரைச்சல் ஒரு காதிலும் தறியின் சத்தம் மறு காதிலுமாக வளர்ந்தவள் நான். என் உம்மாவின் தந்தையை நாங்கள் மூத்தவாப்பா என்போம். வீட்டுக்குப் பின்னால் நெசவுக் கொட்டிலும் அதற்கப்பால் சாயக் கொட்டிலும் அவருடையவை. சாயத் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று அவர் பார்ப்பதில்லை. விரலை நனைத்து நாக்கில் வைப்பார். கொஞ்சம் யோசிப்பார். துப்புவார். “நூலைப் போடு,” என்பார். அந்த நாக்கு தவறியதை எவரும் கண்டதில்லை.

கண்தான் தவறும். மூக்குக் கண்ணாடி என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார். “அல்லாஹ் தந்த கண் எனக்குப் போதும்,” என்று சொல்லிக்கொண்டே, முற்றத்துக் கொடியில் காயப்போட்டிருந்த சட்டையையும் இடுப்பில் கட்டும் சாரனையும் பார்த்து, சம்மாந்துறை ஆலை முதலாளி வந்துவிட்டார் என்று ஒருநாள் ஸலாம் சொன்னார். பதில் வராததால் மூன்று மாதம் அந்த முதலாளியோடு கோபமாக இருந்தார்.

எங்கள் பகுதியில் பெண் புகுந்த வீடு என்று ஒன்று கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து புகுவார். அப்படி என் உம்மாவின் தங்கையாகிய சாச்சியை மணந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் சாச்சா. வந்தவர் நிலைத்திருந்தால் இந்தக் கதைக்கு இடமில்லை. அவர் கப்பலில் சமையற்காரர். சாச்சி அவரோடு வாழ்ந்த நாட்களைவிட, வேலிக்கு மேலாகக் கடலைப் பார்த்து நின்ற நாட்களே மிகுதி.

அந்த வருடம் சாச்சா வந்து இறங்கியபோது பெட்டிக்குள்ளிருந்து கனத்த இரும்புச் சாமான் ஒன்றை எடுத்தார். நீண்ட இரு கைப்பிடிகள். முனையில் புத்தகம்போல் திறந்து மூடும் இரு தட்டுகள். உள்ளே கட்டம் கட்டமாக எழும்பிய பற்கள்.

மூத்தவாப்பா அதைத் தடவிப் பார்த்தார்.

“மாட்டுக்குக் குறி சுடுறதா மருமகன்?”

“இல்ல மாமா. பலகாரம் சுடுறது.”

“எங்கட மாட்டுக்கு இவ்வளவு பெரிய குறி தேவல்ல,” என்றார் மூத்தவாப்பா. கேட்டதைவிடத் தடவியதை அதிகம் நம்புகிறவர் அவர்.

கப்பல் பழுதாகி பெல்ஜியம் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நெடுநாள் நின்றதாம். அங்கே தெருமுனையில் ஒரு கிழவர் சுட்டு விற்ற சீனி வாஃபிளைத் தின்று தின்று, பிறகு அவருக்கே மாப்பிசைந்து கொடுத்து, கடைசியில் அவருடைய பழைய அச்சையும் வாங்கிக்கொண்டு வந்தார் சாச்சா. வந்த அன்றே பகலுணவின்போது, சஹன் தட்டில் கை வைத்தபடியே, “மாமா, நான் இனிக் கப்பலுக்குப் போகல்ல,” என்றார்.

சாச்சிக்கு இது முன்பே தெரியும் என்பது, கையிலிருந்த கறிக்கோப்பையை அவள் வைத்த பதற்றத்திலேயே தெரிந்தது.

“போகாம?” என்றார் மூத்தவாப்பா.

“இஞ்ச கல்முனையில ஒரு பலகாரக் கட போடுவன்.”

“பலகாரம் பொம்புளயள் ஊட்டுல சுடுறது. அதக் கடையில யாரு வாங்குவா?”

“இது வேற பலகாரம் மாமா.”

“வேற பலகாரமெண்டா இன்னும் வாங்க மாட்டா.”

மூத்தவாப்பா சோற்றை உருட்டிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

“வார கிழமை நம்மட ஊட்டு மௌலிது. நார்சா நீங்க செய்ங்க. சபை ஏத்துக்கிட்டா நில்லுங்க. இல்லாட்டி பெட்டியக் கட்டுங்க. நான் வேறொண்டும் கதைக்கல்ல.”

இளையவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ரபீஉல் அவ்வல் பிறந்தால் நாளுக்கொரு வீடாக முறை வைத்து, நபி புகழ் பாடும் மௌலிது ஓதுவார்கள். ஓதி முடித்துப் பகிர்ந்தளிக்கும் உணவே நார்சா. நிய்யத்து என்னும் நேர்த்தி எண்ணம் வைத்துச் சமைக்கத் தொடங்கிவிட்டால், ஃபாத்திஹா ஓதி முடியும்வரை அது எவர் நாவிலும் படலாகாது. உப்புப் பார்க்கவும் கூடாது. கையில் கிடைத்ததும் கண்ணில் ஒற்றித்தான் வாயில் இடுவோம். அது எப்படி இருந்தாலும் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. இவ்விரு வழக்கங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மௌலிதுக்கு முன் இரண்டு முறை சுட்டுப் பார்த்தோம். மா, பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த மா. வெண்ணெய், உள்ளூர்ப் பட்டியிலிருந்து தயிர்ச் சட்டியோடு வந்த எருமை வெண்ணெய். முட்டை எங்கள் கோழி தந்தது. பேக்கரிக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஈஸ்டை இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து, மாவோடு அடித்துப் பிசைந்து மூடி வைத்தார் சாச்சா. சாச்சி சிரட்டைக் கரியை மூட்டினாள். அவர் பிசைந்த விதத்தை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். ஓர் ஆண் மாவோடு இவ்வளவு நேரம் மரியாதையாகப் பேசுவதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

முதல் முறை சீனியைப் போட்டார். அது உருகி, வழிந்து, கருகி, அச்சின் இரு தட்டுகளையும் நிக்காஹ் செய்து வைத்தது. சாச்சா ஒரு பிடியையும் சாச்சி மறு பிடியையும் பற்றி இழுத்தார்கள். முற்றமெல்லாம் கரும்புகை.

“ரெண்டு பேரும் கப்பலுக்கே போங்களங்கா,” என்றார் உம்மா, கண்ணைத் துடைத்தபடி.

சாச்சா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “அந்த நாட்டுல இதுக்கெண்டு ஒரு சீனி இரிக்கி. கல்லுக் கல்லா இரிக்கும். அது உள்ளுக்குள்ள உருகாது. பல்லுல நறுக்கெண்டு கடிபடும். அது இஞ்ச எங்க கெடைக்கும்?”

சாச்சி எழுந்து உள்ளே போனாள். ஒரு போத்தலோடு திரும்பி வந்தாள். அவளுடைய நிக்காஹ் சபையில் பேரீச்சம்பழத்தோடு பகிர்ந்து மீந்த கற்கண்டு.

“இது உருகுமா?” என்றாள்.

உருகவில்லை. அம்மியில் தட்டி, பயறளவு துண்டுகளாக்கி, மா எழும்பிய பிறகு கடைசியில் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக அச்சில் வைத்து அழுத்தினார் சாச்சா. அச்சு சீறியது. வெண்ணெயும் கருகத் தொடங்கும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை எழுந்து, வேலி தாண்டி, தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. நெசவாளர்கள் நூலைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார்கள். வெளியே பொன்னிறத்தில் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, நடுவில் எங்கோ ஒரு கற்கண்டு பல்லுக்காகக் காத்திருக்கும். அதை வருணிக்க எனக்குத் தெரிந்த பழந்தமிழ்ச் சொற்களையெல்லாம் தேடியிருக்கிறேன். தேனும் பாலும் கனியும் என்று பாடிய புலவர்கள் ஒருவரும் வாஃபிள் தின்றவர்கள் அல்லர்.

உம்மா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதென்ன, கட்டம் போட்ட சாரன் மாதிரி இரிக்கி!” நெசவூர்ப் பெண்ணின் கண் வேறெதைக் காணும்? அன்று முதல் எங்களுக்கு அது சாரன் ரொட்டி.

மூத்தவாப்பா மட்டும் தொடவில்லை. “நான் சபையில திண்டுதான் செல்லுவன்,” என்றார். தீர்ப்பாளி முன்கூட்டிச் சுவை பார்ப்பது நீதியன்று என்பது அவர் கொள்கை.

மௌலிது நாள் விடிந்தது. சாச்சா பெரிய சட்டியில் மாவைப் பிசைந்து மூடினார். சற்று நேரத்தில் மூடி தானாக அசைந்தது. பிறகு மெல்ல எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வேளை சபைக்குப் பாய் விரிக்க வந்திருந்த, மௌலிது ஓதும் லெவ்வை அதைக் கண்டுவிட்டார்.

“இதுக்குள்ள என்ன, உசிரோட ஏதும் இரிக்கா?”

“மாதான் லெவ்வை. பொங்குது,” என்றார் சாச்சா.

லெவ்வை குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “அஸ்தஃபிருல்லாஹ்! கள்ளு மணக்குதே மருமகன்! கப்பல் பழக்கத்த இஞ்ச கொண்டு வந்திட்டீங்களா?”

திரைக்குப் பின்னால் சாச்சி உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கள்ளு என்ற ஒரு சொல் போதும். கடை மட்டுமல்ல, மாப்பிள்ளையே ஊரில் நிற்க முடியாது.

உம்மாதான் கேட்டார்: “லெவ்வை, காலைல என்ன திண்டீங்க?”

“பேக்கரிப் பாணும் சம்பலும்.”

“அந்தப் பாண் எப்படிப் பொங்கின?”

லெவ்வை யோசித்தார். இன்னொரு முறை முகர்ந்தார். “ஓம், பாண் மணந்தான்,” என்று தீர்ப்பை மாற்றிக்கொண்டு, மூடியைப் பக்குவமாக எடுத்து மாவின்மேல் வைத்து, “பொங்கட்டும், பொங்கட்டும்,” என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பின் நடந்ததை நான் ஒருத்திதான் கண்டேன். இடித்த கற்கண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, அரங்கு என்னும் உள்ளறையின் தட்டில் வைத்திருந்தாள் சாச்சி. ஊர் முழுவதற்கும் சுட வேண்டியிருந்தது; கிண்ணமோ பாதிதான் நிறைந்திருந்தது. நான் அரங்குக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால், கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்தால் நிய்யத்து முறியுமா என்று மார்க்க ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அப்போது மூத்தவாப்பா உள்ளே வந்தார். பூனைபோல வந்தார். கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

“இது ஆருக்குக் காணும்?” என்று தமக்குள் முணுமுணுத்தார்.

பிறகு மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். மற்றப் பெண்பிள்ளைகளின் நிக்காஹுக்கென்று அவர் தம் கையாலேயே கற்கண்டு போட்டு வைத்த டின் அது. ஒரு கைப்பிடி அள்ளினார். உலக்கைப் பூணால் தட்டி நொறுக்கினார். கிண்ணத்தில் கொட்டினார். இன்னுமொரு கைப்பிடி. கிண்ணம் நிறைந்தது. சால்வையால் கையைத் துடைத்துக்கொண்டு, வந்ததுபோலவே போனார்.

அவர் கற்கண்டு திருட வந்தார் என்றே முதலில் எண்ணி நான் மகிழ்ந்தேன். எடுக்காமல் போட்டுவிட்டுப் போனது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அஸர் தொழுகைக்குப் பின் சபை கூடியது. உள்ளே பாயில் ஆண்கள். நாங்கள் திரைக்குப் பின்னால். லெவ்வையின் குரல் ஏறி இறங்க, சபை சேர்ந்து பாட, பன்னீரும் சாம்பிராணியும் கமழ, முற்றத்தில் சாச்சா அச்சைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு புதுமை நிகழ்ந்தது. ஒவ்வொரு முறை அச்சைத் திறந்தபோதும் கட்டங்களுக்குள் வெண்ணுரைபோல ஏதோ பூத்திருந்தது.

“கற்கண்டு பூக்குது!” என்றார் சாச்சா பூரிப்போடு. “அந்த நாட்டுலயும் இப்படிப் பூத்தத நான் காணல்ல.”

சாச்சி சிரித்தாள். நாவில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் அனுமதி இல்லை.

ஃபாத்திஹா ஓதியாயிற்று. துஆ என்னும் வேண்டுதலும் முடிந்தது. தாலங்கள் சபைக்குள் போயின. சூடு ஆறாத சாரன் ரொட்டிகளை எல்லோரும் எடுத்தார்கள், கண்ணில் ஒற்றினார்கள், கடித்தார்கள். திரைக்குப் பின்னால் சாச்சி ஒன்றைக் கடித்தாள். நானும் கடித்தேன்.

முதலில் இனித்தது. அது பொய்யில்லை. அதன் பிறகு நாக்கின் இரு ஓரங்களிலிருந்தும் யாரோ நூலைக் கோத்து இறுக்கி இழுப்பதுபோல் வாய் சுருங்கியது. கன்னம் உள்ளே போயிற்று. உதடு குவிந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். சபை முழுவதும் ஒருமுகமாக உதட்டைக் குவித்து உட்கார்ந்திருந்தது, ஊதி அணைக்க ஒரு விளக்கு இல்லாத குறைதான். லெவ்வை ஸலவாத்துச் சொல்ல முயன்றார். சீட்டி வந்தது.

ஒருவரும் குறை சொல்லவில்லை. நார்சா அல்லவா? கண்களில் நீர் ததும்ப, மென்று, விழுங்கி, “பரக்கத்து, பரக்கத்து,” என்று ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

சாச்சியின் முகம் சுவர்போல் வெளுத்துவிட்டது. முற்றத்திலிருந்த சாச்சா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, அச்சை மெல்லக் கீழே வைத்து, பெட்டி இருந்த அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். சாச்சி என் தோளைப் பிடித்த பிடியில் நான் எழும்பவே முடியவில்லை.

லெவ்வைதான் பேச்சை எடுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; குவிந்த வாயை விரிக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது. “காக்கா, மருமகன் நிக்கிறதா போறதா எண்டு இண்டைக்குச் செல்லுறதா இருந்தீங்களே?”

சபை மூத்தவாப்பாவைப் பார்த்தது.

அவர் அப்போதுதான் கடித்திருந்தார். ஒரு முறை மென்றார். நின்றார். சாயத் தண்ணீரை நாக்கில் வைத்ததும் வரும் அதே யோசனை அவர் முகத்தில் வந்தது. கண்கள் மெல்ல உயர்ந்து அரங்கின் பக்கம் போயின. அங்கே சிறிது நேரம் நின்றன. தாடி ஒரு தடவை அசைந்தது. ஊரே காத்திருந்தது, அவர் எங்கே துப்பப்போகிறார் என்று.

அவர் விழுங்கினார். கையை நீட்டித் தாலத்திலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதையும் கண்ணில் ஒற்றினார். அதையும் தின்றார். முழுவதும் தின்றார்.

“பலகாரத்துல ஒரு பிழையும் இல்ல,” என்றார், குவிந்த உதட்டால் ஒவ்வொரு சொல்லாக. “சுட்டவரிலயும் பிழையில்ல. மருமகன் நிக்கட்டும்.”

சாச்சி என் தோளை விட்டாள். பிறகு மறுபடியும் பிடித்துக்கொண்டு அழுதாள். சபை ஸலவாத்தால் அதிர்ந்தது, பாதிப் பேருடையது சீட்டியாக.

கூட்டம் கலைந்த பின் மூத்தவாப்பா அரங்கு வாசலில் நின்று உம்மாவைக் கூப்பிட்டார்.

“மகள், அந்த பிஸ்கட் டின்னுல என்ன இரிக்கி?”

“சீனக்காரம் வாப்பா. சாயக் கொட்டிலுக்கு வாங்கினது,” என்றார் உம்மா. “கற்கண்டுல எறும்பு ஏறுது எண்டு அதப் போத்தலுக்கு மாத்திட்டன். ஏன் வாப்பா?”

“ஒண்டுமில்ல.”

படிகாரம் என்று நீங்கள் சொல்வதைத்தான் எங்கள் ஊரில் சீனக்காரம் என்போம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும். நூலில் சாயத்தைப் பிடித்து வைக்கும். பார்வைக்குக் கற்கண்டுதான், தெளிந்த கண் உடையவர்க்கும். சூடு பட்டால் வெண்ணுரையாகப் பூக்கும். தின்றால் என்ன செய்யும் என்பதை மருதமுனையில் அன்று சபையில் இருந்த எல்லோரும் அறிந்தார்கள். ஆனால் அதன் பெயரை அறிந்தவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை மூத்தவாப்பா கல்முனைக்குப் போய் மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் துணிவும் ஒருவருக்கும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு முதலில் சாச்சாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். “நீங்க நான் நெனச்சதவிட இளந்தாரி,” என்றார்.

சாச்சா கடை போட்டார். சாரன் ரொட்டி நெடுங்காலம் விற்றது. நார்சாவன்று வாய் சுருங்கியது எருமை வெண்ணெயின் குற்றம் என்றே சாச்சா இறுதிவரை நம்பி, ஆட்கள் ஆயிரம் சொல்லியும் அதைத் திரும்பத் தொடவில்லை. அந்த வெண்ணெய் ஒரு பாவமும் அறியாதது. அந்த அச்சு, ஆழிப்பேரலை கரையேறிய நாளில் எங்கள் வீட்டோடு போயிற்று. கடையில் சாச்சா பெயர்ப் பலகைக்குப் பதிலாக ஒரு வாசகத்தைத்தான் தொங்கவிட்டிருந்தார், ‘மாமாவின் துஆ’. மூத்தவாப்பா ஒவ்வொரு நாளும் அந்தக் கடைக்கு நடந்துபோய், புதுக் கண்ணாடியால் கற்கண்டுக் கிண்ணத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு ரொட்டி தின்றுவிட்டு வருவார். மருமகன்மீது கொண்ட பாசம் என்று ஊர் சொல்லிற்று. காவல் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் யோசித்தால் ஊரும் தவறாகச் சொல்லவில்லை என்று படுகிறது.

இதைப் படித்த கண்கள் எல்லாம் ஒளி குன்றாதிருக்கட்டும். குன்றினால், கண்ணாடி வாங்கும் பணிவை அல்லாஹ் தரட்டும். உங்கள் மா எழும்பட்டும். உங்கள் டின்களில் நீங்கள் வைத்ததே இருக்கட்டும். கடலைப் பார்த்து நிற்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வரவேண்டியவர் வந்து நிலைக்கட்டும். நம் பிழைகள் சபையில் பரிமாறப்படும் மறுமை நாளில், அவற்றைக் கண்ணில் ஒற்றி ஏற்றுக்கொள்ளும் கருணை நமக்கெல்லாம் வாய்க்கட்டும். ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.